கை காட்டினால் நிற்குமா?

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கு அப்பாவும் நானும் நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? பருவம் முடிகிறவரை கைபேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடும் வேதாகமக் கல்லூரியாகப் பார்த்துப் போய்ச் சேர்ந்திருக்கிறாய். போதகராகப் போகிறவர்களுக்கு உலகத்தோடு என்ன பேச்சு என்று நினைத்துவிட்டார்கள் போல.

ஒரு கேள்வி அனுப்புகிறேன். என்னுடையது இல்லை, அப்பாவுடையது. உட்கார்ந்துகொண்டு படி.

அப்பா இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமைகளில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார். "காலமெல்லாம் பஸ் ஓட்டினவனை வீட்டுக்குள்ள நிறுத்தி வெச்சா பேட்டரி இறங்கிடும்" என்கிறார். ரத்த வங்கியில் என் மேஜைக்குப் பக்கத்து நாற்காலி அவருடையதாகிவிட்டது. போன வாரம் நான் குளிர்பெட்டியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தார். சில பைகளின் கழுத்தில் பெயர்ச் சீட்டு கட்டியிருக்கும், பலவற்றில் இருக்காது. ஏன் என்று கேட்டார். சீட்டு கட்டியது ஒரு நோயாளிக்கென்றே அவருடைய சொந்தக்காரர் கொடுத்தது, மற்றதெல்லாம் யாருக்குப் போகும் என்று கொடுத்தவருக்கே தெரியாது என்றேன்.

"வாங்கிக்கிறவனுக்காவது தெரியுமா, யாரோடதுன்னு?"

"தெரியாது. நாங்க சொல்லவும் கூடாது."

"அப்ப முகம் தெரியாதவனுக்கு முகம் தெரியாதவன் குடுத்துட்டு, கையைத் தட்டிட்டுப் போயிட்டே இருக்கான்!"

டீயை ஆற்றிக் குடித்தார். பிறகு சொன்னார்: "உன் தம்பிக்கு எழுதிக் கேளு. அவங்க ஆண்டவர் ரத்தம் சிந்தினாரே, அது சீட்டு கட்டின பையா, கட்டாத பையா?" நான் விழிப்பதைப் பார்த்துத் தன் பாஷைக்கு மாறினார். "ரிசர்வேஷன் பஸ்ஸா, கை காட்டினா நிக்கிற பஸ்ஸான்னு கேக்கறேன்."

அம்மா போனதிலிருந்து சபை வாசலை மிதிக்காத மனிதர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் படிப்பு வீட்டுக்கு உபயோகப்படுகிற முதல் சந்தர்ப்பம் இது, கோட்டை விடாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறேன்.

அப்பாவா கேட்டார்? நம் அப்பாவா? படித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக மல்லுக்கட்டும் கேள்வியைக் குளிர்பெட்டி முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டாரே. அறைத்தோழர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களில் இரண்டு பேர் அதிலிருந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதில்லை.

கட்சி இரண்டு. ஒரு கட்சி சொல்வது: இயேசு எல்லா மனிதருக்காகவும் மரித்தார், ஏற்றுக்கொள்கிறவன் பிழைக்கிறான். 'சர்வலோகம்', 'எல்லாரும்' என்று வேதத்தில் வரும் இடங்களை எல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள். மற்றக் கட்சி சொல்வது: உலகம் உண்டாவதற்கு முன்பே பிதா சிலரைத் தெரிந்துகொண்டார், அதாவது தமக்கென்று தேர்ந்தெடுத்தார், குமாரன் உயிர் கொடுத்தது அவர்களுக்காக. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளுக்காகத்தான் சாகிறான், சந்தைக்கு வந்த எல்லா ஆடுகளுக்காகவும் இல்லை. நம் சபை இந்தக் கட்சி. நானும்.

யோசித்துப் பார். எல்லாருக்காகவும் சிந்தியிருந்து பாதிப் பேர் கெட்டுப்போனால், அவர்களுக்காகச் சிந்தியது வீண்தானே? ஒரு துளியும் வீணாகவில்லை என்பதே எங்கள் பக்கம். 'வேண்டுமானால் எடுத்துக்கொள்' என்று அவர் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. இரட்சிக்க வந்தார், இரட்சித்தார். உங்கள் கொடையாளருக்கு நோயாளி யாரென்று தெரியாது. இவருக்கு ஒவ்வொருவரையும் தெரியும். தெரிந்து, பெயர் சொல்லிக் கொடுத்தது அது. ஆகவே சீட்டு கட்டின பை. ரிசர்வேஷன் பஸ்.

ஜூனில் மூப்பர் குழு என்னை விசாரிக்கும். தேறினால் போதகராக அபிஷேகம் செய்து ஒரு சபையையும் கையில் கொடுப்பார்கள். அதற்கு அப்பாவின் கேள்வி அருமையான பயிற்சி. இன்னும் ஏதாவது கேட்டால் உடனே எழுது.

ரத்தக்காட்டேரி அக்காவுக்கு
அன்புத் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நலம். அவருக்குச் சாப்பாடுதான் சற்றுக் குறைந்திருக்கிறது. மாடிப்படி எதற்கு என்று கட்டிலைக் கீழே கூடத்துக்கு இறக்கிவிட்டோம். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, போகிற வருகிற டிரைவர்களுக்கெல்லாம் மார்க் போடுகிறார். இதுவரை யாரும் பாஸாகவில்லை.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து நீந்துகிறதாம். முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீண் என்றாயே, நான் வாரம் ஒரு முறை தேதி கடந்த பைகளைக் கழித்து அனுப்புகிறேன். யாருக்கும் தேவைப்படாமல், யாரும் கேட்டு வராமல் கிடந்தவை. மனசு கனக்கும். ஆனாலும் கொடுத்தவர் கொடுக்கவில்லை என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆகவே நான் 'எல்லாருக்கும்' கட்சி.

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என்னையும் விடவில்லை. "எல்லாருக்கும்னா எனக்கென்ன? விருந்து வீட்டில மைக்ல 'எல்லாரும் சாப்பிடப் போங்க'ன்னா எவன் எந்திரிக்கிறான்? ஒருத்தன் வந்து கையைப் புடிச்சு 'நீங்க வாங்க'ன்னு கூப்பிடணும்" என்றார். பேர் தெரிந்து கொடுத்தது என்று நீ எழுதியிருந்ததுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. அதை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

உனக்கு ஞாபகம் இருக்காது. அம்மாவை அடக்கம் செய்த அன்று நீ வண்டியில் உட்கார்ந்திருந்தாய். பழைய போதகர், "நம் சகோதரி தெரிந்துகொள்ளப்பட்டவர்களில் ஒருவர்" என்று சொல்லி ஜெபித்து முடித்தார். எல்லாரும் கலைகிற நேரம், அப்பா அவர் சட்டைக் கையைப் பிடித்து, "அப்ப நானு?" என்று கேட்டார். "அதை முடிவுல பாத்துக்கலாம்" என்று போதகர் சிரித்துத் தோளைத் தட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்பா அந்தப் பக்கம் போனது அதுதான் கடைசி.

"உங்கம்மா ஒரு பஸ்ல ஏறிப் போயிட்டா. நான் ஏறுறது அங்க போகுமா, வேற ரூட்டான்னு எனக்குத் தெரியணுமில்ல?" என்கிறார். அவர் கேட்கச் சொன்னது ஒரே வார்த்தைதான். எனக்காகவுமா?

பதில் எழுது. குளிருக்குக் காலுறை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். காலுறை சரியாக இருக்கிறது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்தப் போதகர் சட்டையை அப்பா பிடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவுக்குச் சபை பிடிக்காது என்று மட்டும் நினைத்து வளர்ந்திருக்கிறேன்.

நம் சபையில் ஒரு ஒழுங்கு உண்டு. 'கிறிஸ்து பாவிகளுக்காக மரித்தார், நம்பி வருகிற ஒருவனையும் தள்ளமாட்டார்' என்று ஊருக்கே கேட்கச் சொல்லலாம். ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து 'உனக்காக மரித்தார்' என்று மட்டும் சொல்லக்கூடாது. அந்தப் பெயர் பிதாவுக்கு மட்டும் தெரிந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வது பொய். மூப்பர் குழு ஒவ்வொருவனிடமும் தவறாமல் கேட்கும் கேள்வியும் இதுதான். 'ஒருவனிடம் அப்படிச் சொல்வாயா?' 'சொல்லமாட்டேன்' என்கிறவனுக்கே அபிஷேகம்.

கேட்க ஈரமில்லாததாக இருக்கும். ஆனால் இதன் அடியில் ஒரு இரக்கம் இருக்கிறது அக்கா. பொய்யான தைரியத்தைக் கொடுத்து ஒருவனையும் அனுப்பிவிடக் கூடாது என்ற பயம். தெரிந்துகொள்ளுதல் என்பதும் கதவைச் சாத்த வந்த போதனை இல்லை. நம் பிடி நழுவினாலும் அவர் பிடி நழுவாது என்பதுதான் அது. என் விசுவாசம் ஆட்டம் காண்கிற நாட்களில் நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். இல்லை, அது என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

இதற்குமேல் நான்கு பக்கம் வேத ஆதாரங்கள் தனியாக இணைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பொறுமையாக வாசித்துக் காட்டு. அவர் நம்பினால் போதும், நம்புகிறவனுக்குச் சந்தேகமே வேண்டாம் என்று சொல்.

விடுதியில் மூட்டைப்பூச்சி தாங்கவில்லை, ஏதாவது மருந்து அனுப்பு.

அன்புத் தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். உன் நலம் அறிய ஆவல்.

உன் நீளக் கடிதம் வந்தது. அப்பாவுக்கு வாசித்தேன். கடைசி வரிக்காக உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

வேலை அதிகம். இந்த மாதம் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் குறைவு. தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் கையைப் பிடித்து இழுக்காத குறை. உங்கள் விடுதியில் திடமான ஆட்கள் இருந்தால் பக்கத்து ஆஸ்பத்திரியில் போய்க் கொடுக்கச் சொல்.

அவசரத்தில்,
அக்கா


மார்ச் 25

அன்பு அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம்.

எந்த வரி? என் கடிதத்தின் கடைசி வரி மூட்டைப்பூச்சி. அப்பா அதற்கா நன்றி சொன்னார்?

இன்னொன்று. எப்போதும் 'அப்பாவும் நானும் நலம்' என்று ஆரம்பிப்பாய். இந்த முறை நீ மட்டும் நலம். அது உறுத்தியதும் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை. குறைந்த சாப்பாடு. கீழே இறங்கிய கட்டில். நீந்துகிற எழுத்து. கேள்வியில் மயங்கிப்போய், கேட்டவரை நான் பார்க்கவே இல்லை.

அப்பா உனக்குத் துணையாகத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறாரா?

உடனே எழுது.

தம்பி


ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதவில்லை, கவனித்துக்கொள்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், எதை எழுதினாலும் இரண்டு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததுதான்.

முதலாவது. அப்பாவுக்கு உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை வேலையை விட்டுவிட்டது. வெளியிலிருந்து ஏற்றுகிறோம். ஆரம்பத்தில் செவ்வாய் மட்டும். இப்போது வெள்ளியும். குணமாகிற வியாதி இல்லை என்று டாக்டர் நவம்பரிலேயே சொல்லிவிட்டார். உனக்கு ஜூனில் விசாரணை, அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது கையில் ஊசியோடுதான். முகம் தெரியாதவனுக்கு முகம் தெரியாதவன் கொடுக்கிறான் என்று சொன்னது தன் தலைக்கு மேல் தொங்கும் பையைப் பார்த்துத்தான்.

இரண்டாவது. உன் கடிதத்தை அன்று சாயங்காலம் வாசித்தேன். ஒழுங்கு, குழு, நான்கு பக்க ஆதாரம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அவ்வளவுதானா?" என்றார். அந்தக் குரலை நீ கேட்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை தம்பி. தாளைப் பார்த்தபடியே, "இன்னும் ஒரு வரி இருக்குப்பா. 'அப்பா, உங்களுக்காகவும்தான்'னு எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டேன்.

தலையசைத்தார். "நன்றி சொன்னேன்னு எழுது" என்றார். நானும் எழுதினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போன வாரம் சூப் கொடுக்கும்போது சிரிக்கிறார். "ஏம்மா, அந்தக் கடைசி வரி உன்னோடதுதானே?" என்கிறார். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவன் எதையாவது ஒரு வரியில சொல்லியிருக்கானா? சின்ன வயசில ஒண்ணுக்குப் போகணும்னு சொல்றதுக்கே முன்னுரை வேணும் அவனுக்கு. அவன் தொடங்கி முடிக்கிறதுக்குள்ள பாதி நாள் டிரவுசர் நனைஞ்சிடும்."

கோபமா என்று கேட்டேன். "உன் மேல என்ன கோபம். நீ பாசத்தில சொன்னே. பாசத்தில டாக்டர்கூட 'சரியாயிடும்'னு சொல்லுவார். இது அவன் சொல்ல வேண்டியது" என்றார். இப்போது காத்திருக்கிறார்.

என்னைத் திட்டிக்கொள். திட்டி முடித்துவிட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

திட்டத்தான் உட்கார்ந்தேன். நவம்பரிலிருந்து! மூன்று மாதமாக நான் இங்கே மேஜையைத் தட்டித் தட்டி 'யாருக்காக' என்று வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன், அங்கே அப்பா கையில் ஊசியோடு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் போய் 'அருமையான பயிற்சி' என்று எழுதினேனே. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

இல்லாத வரியை என் பேரில் வாசித்ததற்கு உன்மேல் கோபம்தான். ஆனால் நான் எழுதாமல் விட்ட இடத்தில்தானே வாசித்தாய்.

முதல்வரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் கிளம்புகிறேன். ரத்தம் கொடுத்துவிட்டேன், இங்குள்ள ஆஸ்பத்திரியில். சீட்டு எதுவும் கட்டவில்லை. யாருக்காவது போகட்டும்.

தம்பி


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அப்பா விழிப்பாக இருக்கிறார், பேசுகிறார், இரண்டு நாளாகக் கொஞ்சம் சாப்பிடுகிறார். அதனால் சொல்கிறேன், கிளம்பாதே. உத்தரவு என்னுடையது இல்லை.

நீ வருகிறாய் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. உடனே சுருங்கியும் போனது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இப்ப வேணாம்னு சொல்லு. வந்து என் மூஞ்சியைப் பாத்தா அழுவான். அழுதுகிட்டே நான் கேக்கிறதெல்லாம் சொல்லிடுவான். அதுவும் நீ பாசத்தில சொன்ன மாதிரிதான் ஆகும். தூரத்தில இருந்து, யோசிச்சு, அவன் நம்புறதை எழுதட்டும். 'இல்லை'ன்னு எழுதினாலும் சரி, 'தெரியாது'ன்னு எழுதினாலும் சரி. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

பயமாக இல்லையா அப்பா என்று கேட்டேன். "பயம் எதுக்கு? புது ரூட்ல முதல் தடவை வண்டி எடுக்கிற மாதிரி இருக்கு. எங்க திரும்பும், எங்க நிக்கும்னு ஒரே யோசனை" என்றார். நேற்று ஒரு நர்ஸிடம், "உனக்கு யாராச்சும் உன் பேரைச் சொல்லி இதைக் கொடுத்திருக்காங்களாம்மா?" என்று விசாரித்திருக்கிறார். அவள் மருந்துச் சீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

விசாரணையை முடித்துவிட்டு வா. அதற்கு முன்னால் எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 15

அன்பு அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்பு. எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சும்மா வெள்ளைத்தாளை அனுப்ப முடியுமா?

மே முழுக்க நூலகத்தில் கிடந்தேன். இரண்டு கட்சிப் புத்தகங்களையும் புரட்டிப் புரட்டிக் கண் வலித்ததுதான் மிச்சம். நான் கட்சி மாறவில்லை. அவர் தெரிந்துகொண்டார், தெரிந்துகொண்டவர்களை விடமாட்டார் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. எனக்கு இருட்டு என்றால் பயம் இருந்ததே, அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுச் சொல்வார், "உனக்காகத்தான்டா அவர் செத்தார், தூங்கு." நான் அப்போது எதையும் நம்பியிருக்கவில்லை. என் பெயர் இருக்கிறதா என்று அம்மா யாரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்? நான் நம்பின பிறகு சொல்லலாம் என்று அவர் காத்திருந்தால், நான் எதை நம்பியிருப்பேன்?

விசாரணைக்கு முந்தின நாள் அப்பாவுக்கு எழுதினேன். இதோடு இருக்கும் தனித் தாள் அதுதான். எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நீள மேஜை, சாசர் போட்டு மூடிய தண்ணீர் ஜாடி, ஐந்து மூப்பர்கள். எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொன்னேன். கடைசியில் அது வந்தது. "ஒரு மனுஷனைப் பாத்து 'கிறிஸ்து உனக்காக மரித்தார்'னு சொல்லுவியா?"

"சொல்லுவேன் ஐயா."

ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார். "தெரியாததை எப்படிச் சொல்லுவே?" என்று தலைவர் கேட்டார். அம்மா சொன்னதைச் சொன்னேன். அம்மா தெரிந்துகொள்ளப்பட்டவர் என்று இதே சபைதான் அவர் பெட்டிக்கு முன்னால் நின்று சொன்னது என்றேன். தலைவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். வெளியே உட்காரச் சொன்னார்கள்.

முடிவு: அபிஷேகம் இப்போது இல்லை. இன்னும் ஒரு வருஷம் படித்து, பதிலை மாற்றிக்கொண்டு வந்தால் பார்க்கலாம். எனக்கென்று வைத்திருந்த சபைக்கு வேறு ஒருவரை அனுப்புகிறார்கள். படியிறங்கும்போது வயசான மூப்பர் ஒருவர் பின்னாலேயே வந்து, "என் தங்கச்சி சாகக் கிடந்தப்ப நானும் அவகிட்ட சொன்னேன்பா. உள்ள வெச்சு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்பாவுக்கு இது தெரிய வேண்டாம். தாளை மட்டும் வாசித்துக் காட்டு. நான் வரட்டுமா?

தம்பி

(தனித் தாளில்)

அப்பா, உங்களுக்காக.


ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன்.

உன் தாளை வாசித்தேன். வாசிப்பதற்குள் முடிந்துவிட்டது. "மேல படி" என்றார். அவ்வளவுதான் அப்பா என்றேன். ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்றார். தாளைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொன்னார். ஜன்னல் பக்கம் திருப்பி, தள்ளிப் பிடித்து, கிட்டே வைத்து, வெகுநேரம் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய் நின்றுகொண்டேன். அழுகை அடங்கியதும்தான் திரும்பி வந்தேன்.

"விசாரணை என்ன ஆச்சு?" என்று கேட்டார். நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவரிடம் இனி என் பொய் எடுபடாது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

கீழே இருப்பது அவரே எழுதியது. பேனா பிடித்து வெகு நாளாயிற்று. எழுதி முடிக்க ஒரு சாயங்காலமும் ஒரு காலையும் ஆனது. நான் உதவ வந்தால் திட்டினார்.

அன்புடன்,
அக்கா

தம்பிக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், பார்த்து ஓட்டு. நலம் என்று போடச் சொல்கிறாள். நலம் இல்லை. ஆனால் உன் கடிதம் வந்ததிலிருந்து தூக்கம் நன்றாக வருகிறது.

உன் எழுத்துதான் என்று நானே பார்த்துக்கொண்டேன். ஒரு வரியில் முடிக்க உனக்கு இத்தனை வயசாகியிருக்கிறது. பரவாயில்லை.

அக்கா சொன்னபோது நான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. நான் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் சொன்னாள். நீ சொன்னதற்கு உன் சபை கையை விட்டுப் போயிருக்கிறது. போகும் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாய். வேதம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் ஒருத்தன் ஒரு வார்த்தையைச் சொன்னால் அதை நம்பலாம் என்று தெரியும். ஆகையால் நம்புகிறேன்.

அவர் முன்னாலேயே என் பேருக்குச் சீட்டுப் போட்டுவைத்தாரா, நான் கையைக் காட்டியதால் நிறுத்தினாரா என்பதை நீ தொடர்ந்து படித்துக் கண்டுபிடி. படிப்பை விட்டுவிடாதே. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இப்போது வரலாம். பஸ்ஸில் பின் சீட்டில் உட்காராதே, உனக்கு வாந்தி வரும்.

நீ கடிதத்தில் ஸ்தோத்திரம் என்று ஒன்று போடுவாயே, அதை மேலே போடுவதா கீழே போடுவதா? அக்காவைக் கேட்டால் அழுகிறாள். தெரியாததால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

ஸ்தோத்திரம்.

அப்பா